கம்பெனி செலவில் லாரி டிரைவர் ஆவது: டெல்டா இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஹெவி டிரைவிங் பயிற்சி முற்றிலும் இலவசம், தங்குமிடம் சாப்பாடு உண்டு, முடித்தவுடன் வேலை உறுதி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால் நம் ஊரில் அது ஒரே நாளில் இருபது பேருக்குப் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: கம்பெனி உங்களுக்காகச் செலவு செய்கிற பணம் உங்கள் சம்பளத்திலிருந்தோ உங்கள் காலத்திலிருந்தோ திரும்பி அவர்களிடம் போகும். அதில் தப்பு ஒன்றும் கிடையாது, கையில் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல வழிதான். ஆனால் பதிலுக்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வெறும் லைசென்ஸ் என்றால் அது பெரிய லாபம் இல்லை. அரசுக்குக் கட்டுகிற கட்டணம் எல்லாம் சேர்த்தாலே ஓரிரண்டு ஆயிரத்துக்குள் முடிந்துவிடும், மற்றது டிரைவிங் ஸ்கூல் ஃபீஸ், அதைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். காசு கொடுத்து வெளியே வாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் கைக்கு வந்தபிறகு முதல் ஆறு மாதம், லோடு ஏற்றிய வண்டியில், பக்கத்து சீட்டில் ஒரு அனுபவஸ்தர் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது. எந்தக் கம்பெனி அதைத் தருகிறதோ அதுதான் நல்ல கம்பெனி. கீழே சொல்கிற எல்லாமே அதைக் கண்டுபிடிப்பதற்கான வழிகள்தான்.

முதல் வேலை: உங்கள் தகுதியைச் சரிபார்ப்பது

சரக்கு வண்டி ஓட்ட வயது 20 ஆகியிருக்க வேண்டும். அதோடு கார் லைசென்ஸ், அதாவது எல்எம்வி, வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், போட முடியும். இது தெரியாமல் நிறைய பேர் பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு, 20 வயதில் போய் நின்று, இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கிறார்கள். வீட்டில் 18 வயதுப் பையன் இருந்தால் இன்றைக்கே எல்எம்வி போடச் சொல்லுங்கள், அது ஒன்றும் வீண் போகாது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி உறுதி செய்துவிட்டது. ஆக, 20 வயது ஆனதும், ஹெவி லைசென்ஸ் கைக்கு வரும் வரை டாடா ஏஸ் ஓட்டிக் காய்கறி லோடு அடித்தாலே கையும் பழகும், வருமானமும் வரும்.

படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை 2019-இலேயே எடுத்துவிட்டார்கள். "எட்டாவது சர்டிஃபிகேட் நானே ஏற்பாடு செய்கிறேன், பத்தாயிரம் கொடு" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

கண்ணை மட்டும் கட்டாயம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஹெவிக்குப் படிவம் 1ஏ-யில் டாக்டர் சான்றிதழ் வேண்டும், அதில் நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்பதும் வரும். பாண்டில், அதாவது இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன், இல்லாவிட்டால் பணம் கட்டுவேன் என்கிற ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்ட பிறகு மருத்துவப் பரிசோதனையில் தோற்றால் யார் பணம் என்ற தகராறு வரும். அதற்கு முன்பே ஒருநாள் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்தால் முடிந்தது.

எந்த லோடு, எந்த லைன்

கம்பெனியைத் தேடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் நம் பகுதியில் லாரி வேலை என்றால் ஒரே மாதிரி வேலை கிடையாது.

நெல் லோடு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். குறுவை அறுப்பிலும் சம்பா, தாளடி அறுப்பிலும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கும், தஞ்சாவூர், நீடாமங்கலம் மாதிரி ஸ்டேஷன்களில் வேகன் ஏற்றுகிற இடத்துக்கும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சீசன் முடிந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் ட்ரிப் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒன்றும் வராது. போதாததற்கு மழையில் மூட்டையோடு இறக்க இடமில்லாமல் இரண்டு மூன்று நாள் வரிசையில் நிற்கிற நேரத்துக்குப் படி தருவார்களா மாட்டார்களா என்பது ஓனருக்கு ஓனர் மாறும். வேதாரண்யம் உப்பு, காரைக்கால் துறைமுக நிலக்கரி, நாகப்பட்டினம் மீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. உப்பு வண்டியில் துருவைக் கவனிக்க வேண்டும். மீன் வண்டியில் ராத்திரி முழுக்க நேரத்தோடு போட்டி, புதுசாக ஓட்டுகிறவருக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

டேங்கர் என்றால் தனி. பெட்ரோல், டீசல், கேஸ், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்குக்கு 3 நாள் தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு வாங்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. இந்தப் பயிற்சிக்கும் சேர்த்துக் கம்பெனி பணம் கட்டினால் அது உண்மையான லாபம், ஏனென்றால் அந்தப் பதிவு நீங்கள் எங்கே போனாலும் கூடவே வரும்.

கம்பெனி செலவில் பயிற்சி கொடுப்பவர்கள் பெரும்பாலும் லாங் லைன் ஓட்டுகிற ஆட்கள்தான், டிரெய்லர், கண்டெய்னர், டேங்கர். சேர்ந்தால் மாதத்தில் பல நாள் வீட்டில் இருக்க முடியாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நடவு நேரத்தில் வயலில் ஆள் வேண்டும் என்கிற வீட்டு நிலைமை இருந்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊருக்கு விடுவார்கள் என்பதைச் சம்பளத்துக்கு முன்பே கேளுங்கள்.

"கம்பெனி பணம் கட்டும்" என்பதில் எத்தனை வகை

கம்பெனியே பயிற்சி மையம் வைத்திருக்கலாம், அல்லது ஒரு மையத்தோடு ஒப்பந்தம் போட்டு உங்களை அனுப்பலாம். இதில்தான் பாண்ட் வரும். இன்னொன்று, ஸ்கூல் ஃபீஸை முதலில் நீங்கள் கட்டுகிறீர்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பளத்தோடு திருப்பித் தருவார்கள். கையில் பணம் இருந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். பிடிக்காவிட்டால் வெளியே வந்துவிடலாம், மிச்சம் வரவேண்டிய பணம்தான் போகும், யாருக்கும் கடன்பட வேண்டாம். மூன்றாவது அப்ரண்டிஸ் வழி. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்து உதவித்தொகை கொடுத்துக் கற்றுக்கொடுப்பது. பயிற்சியில் விபத்து நடந்தால் நஷ்டஈடு கொடுக்கிற பொறுப்பு முதலாளிக்கு உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

நம் பக்கம் காலங்காலமாக இருப்பது நான்காவது, கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆவது. இதையும் இப்போது சிலர் "பயிற்சி" என்று பெயர் போட்டு விற்கிறார்கள். நல்ல டிரைவரிடம் கிளீனராக இருந்தவருக்குத் தார்ப்பாய் கட்டுவதிலிருந்து டயர் தட்டிக் காற்றுப் பார்ப்பது வரை எல்லாம் தெரிந்திருக்கும், அந்த அறிவை எந்த மையமும் தராது. ஆனால் எல்எல்ஆர் மட்டும் வைத்திருக்கிற பையனிடம் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு டிரைவர் பின்னால் படுத்துத் தூங்குகிறார் பாருங்கள், அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. எல்எல்ஆரில் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும். விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், உயிர் போனால் கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு வரும், அதற்கு 5 வருஷம் வரை சிறை. அந்த வழக்கில் முதல் பெயர் அந்தப் பையனுடையதாகத்தான் இருக்கும்.

இதோடு சேர்த்து, அரசு வழிகளையும் மற்ற பயிற்சி மையங்களையும் விசாரித்துவிடுங்கள். சாலைப் போக்குவரத்து நிறுவனமான ஐஆர்டி கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சி நடத்துகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி மையம் பல வருஷமாக இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சிகளில் டிரைவிங் இருக்கிறதா என்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் தாட்கோ அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். இங்கெல்லாம் கேட்டுவிட்டு வந்தால் கம்பெனிக்காரர் முன்னால் உட்காரும்போது உங்கள் பேச்சுக்கே ஒரு தெம்பு வரும்.

கணக்கு: இலவசத்தின் விலை

ஒரு பேப்பரை எடுங்கள். நான் உதாரணத்துக்குச் சில எண்கள் போடுகிறேன், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி 3 மாதம், அப்போது மாதம் 8,000 தருகிறார்கள். அதே 3 மாதம் ஊரில் ஏஸ் ஓட்டினால் 15,000 வந்திருக்கும். வித்தியாசம் 7,000, மூன்று மாதத்துக்கு 21,000. அப்புறம் பாண்ட் 2 வருஷம். அந்த இரண்டு வருஷமும் வெளியே அதே வண்டிக்குக் கொடுப்பதைவிட மாதம் 2,000 குறைவாகக் கொடுத்தால் 24 மாதத்துக்கு 48,000. இரண்டையும் கூட்டினால் 69,000. உங்கள் "இலவச" பயிற்சியின் விலை இதுதான். இப்போது கும்பகோணத்திலோ திருவாரூரிலோ மூன்று டிரைவிங் ஸ்கூலில் ஹெவிக்கு எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள்.

வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த 69,000-க்குள் ஆறு மாதம் அனுபவ டிரைவர் கூட வருவதும், பிஎஃப், இஎஸ்ஐ-யும், டேங்கர் பதிவும் இருந்தால் அது கொடுக்கத் தகுந்த விலைதான். லைசென்ஸ் மட்டும் வாங்கிக்கொடுத்துவிட்டு மறுநாளே பதினாறு சக்கர வண்டியின் சாவியைக் கொடுத்து "பார்த்துப் போ தம்பி" என்று அனுப்பினால் அது தகாத விலை, உயிருக்கும் ஆபத்து.

பாண்ட் பேப்பர்

"ஒன்றும் இல்லை தம்பி, ஃபார்மாலிட்டி" என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குக் கொண்டு வருகிறேன் சார்" என்று சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மறுக்கிற பேப்பரில் கையெழுத்துப் போடவே கூடாது. ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்த ஒரு வாத்தியாரையோ வக்கீலையோ படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பாண்ட் செல்லாது, கோர்ட்டில் நிற்காது என்று டீக்கடையில் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி 3 வருஷம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதே சமயம், எழுதிய தொகை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு வசூலிக்கவும் முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். சரி, கோர்ட்டு வரைக்கும் போகாமல் பேப்பரிலேயே நியாயத்தை எழுதி வாங்குவதுதான் புத்தி.

கேட்டு வாங்க வேண்டியது மாதாமாதம் குறைகிற தொகை. 72,000 ரூபாய், 24 மாதம் என்றால் மாதம் 3,000 குறையும், பத்து மாதம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தால் பாக்கி 42,000 மட்டும். 23-ஆவது மாதம் வந்தாலும் முழுப் பணம் கட்டு என்று எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இன்னொரு வரியும் முக்கியம். கம்பெனியே வேலையை விட்டு நிறுத்தினாலோ, வண்டி கொடுக்காமல் உட்கார வைத்தாலோ, உடம்பு முடியாமல் போனாலோ நாம் பணம் கட்ட வேண்டியதில்லை என்று எழுதியிருக்க வேண்டும். பாண்ட் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்றும் பாருங்கள், பயிற்சியில் சேர்ந்த நாளா, லைசென்ஸ் வந்த நாளா, தனியாக வண்டி எடுத்த நாளா, இதிலேயே ஆறு மாதம் போய்விடும்.

கொடுக்கவே கூடாதவை: தொகை எழுதாத செக், எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து, ஒரிஜினல் மார்க்ஷீட், பாஸ்போர்ட், லைசென்ஸ் அட்டை. செக் பவுன்ஸ் ஆனால் அது கிரிமினல் வழக்கு, பாண்ட் தகராறைவிடப் பெரிய தலைவலி. சம்பளத்தில் பிடித்தம் எல்லாம் சேர்த்துப் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான சட்டம், டயர் வெடித்தது, மூட்டை குறைந்தது, டீசல் அதிகம் செலவானது என்று எதையெல்லாம் டிரைவர் தலையில் கட்டுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பயிற்சியின் தரம்: இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்

அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு 2021 ஜூலையிலிருந்து உள்ள விதிப்படி ஹெவி பயிற்சி மொத்தம் 38 மணி நேரம், 6 வாரத்துக்குள். இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் "ஒரு வண்டிக்கு எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் ஒரு லாரியில் ஏறி இரண்டு மணி நேரம் சுற்றினால் ஒருவர் கைக்கு ஸ்டியரிங் வருவது பன்னிரண்டு நிமிஷம்தான். காலி வண்டி மட்டுமா, லோடு ஏற்றியும் ஓட்ட விடுவார்களா என்பது அடுத்த கேள்வி. காலி வண்டியும் இருபது டன் ஏற்றிய வண்டியும் பிரேக்கில் ஒரே மாதிரி நிற்காது.

நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. மலைப்பாதையில் ஓட்டக் கற்றுத் தருவீர்களா? நாம் பிறந்து வளர்ந்த மண்ணில் மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஏறுகிற இடம்தான். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஒரே சமவெளி. வாய்க்கால் கரையில் எதிரே பஸ் வந்தால் அரை கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்கிற திறமை நம்மவர்களுக்கு உண்டு, அது சேலத்துக்காரருக்கு வராது. ஆனால் இறக்கத்தில் லோடு வண்டியை இறக்கிப் பழக்கமே இருக்காது. பெங்களூரு போய்விட்டுத் திரும்புகிறவர் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் சேலம் வர வேண்டும். எத்தனை விபத்து அங்கே நடந்திருக்கிறது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். மைசூரு லைன் என்றால் திம்பம், 27 கொண்டை ஊசி வளைவுகள்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடித்துக்கொடுப்பது போய்விடும், முழு எடையும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். மிதித்து மிதித்து விட்டால் ஏர் டாங்கில் காற்றழுத்தமும் இறங்கும். இன்ஜினையே நிறுத்திவிட்டால் கம்ப்ரசரும் நின்றுவிடும், அதற்குப் பிறகு உள்ளே இருக்கிற காற்றுதான் மிச்சம். ஏறுவதற்கு எந்த கியர் போட்டாயோ அதே கியரில் இறங்கு, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு, ஃபுட் பிரேக்கை விட்டு விட்டு மிதி என்று பழைய டிரைவர்கள் சொல்வது எல்லாம் இதனால்தான். இதை வகுப்பில் கேட்டால் போதாது. கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, லோடோடு, ஒரு தடவையாவது இறக்கிக் காட்டி, பிறகு உங்களை இறக்கச் சொல்ல வேண்டும். டெல்டாப் பையனுக்கு அதைச் செய்து தருகிற கம்பெனி கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அங்கேயே சேருங்கள் என்பேன்.

விசாரிப்பது எப்படி

ஹெச்ஆர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை டிரைவர்களிடம் கேட்டு எடுங்கள். காரைக்கால் துறைமுகத்துக்கு வெளியே, வேகன் லோடு நடக்கிற ஸ்டேஷன் பக்கம், திருச்சி பைபாஸில் லாரிகள் நிற்கிற டீக்கடை, இங்கெல்லாம் அந்தக் கம்பெனி பெயர் எழுதிய வண்டி நின்றால் போய்ப் பேசுங்கள். "அண்ணே, உங்க கம்பெனியில டிரெய்னிங் சேரலாம்னு இருக்கேன், எப்படி?" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் மனம் விட்டுச் சொல்வார்கள். சம்பளம் எத்தனாம் தேதி வருகிறது, நிற்கிற நாளுக்குப் படி உண்டா, போன வருஷம் பயிற்சிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், ஓவர்லோடு ஏற்றச் சொல்வார்களா, அபராதம் யார் கட்டுவது? ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும் கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கு 2,000-மும் அபராதம், அதனால் கடைசிக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. விபத்து நடந்தால் வக்கீல் வைத்து ஜாமீன் எடுப்பார்களா என்றும் கேளுங்கள், இதற்கு மூன்று டிரைவர்கள் ஒரே பதில் சொன்னால் அது உண்மை.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சட்டம் சொல்லும் வேலை நேரம். லாரி லைனில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று அந்த டிரைவர்களின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லாங் லைனுக்கு இரண்டு டிரைவர் போடுகிற கம்பெனியை முன்னால் வையுங்கள். வண்டிகள் எந்த வருஷத்து மாடல் என்றும் பாருங்கள், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம், சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும்.

வெளிநாட்டு ஆஃபர்

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் இது தனிக் கதை. "அங்கே போனதும் கம்பெனியே லைசென்ஸ் எடுத்துத் தரும்" என்பார்கள். எடுத்துத் தருகிற கம்பெனிகள் உண்டு, ஆனால் எடுக்கும் வரை என்ன வேலை, என்ன சம்பளம், டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்றால் என்ன ஆகும், செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஆளெடுக்கிற செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகச் சட்டம் சொல்கிறது. இங்கே, மத்திய அரசில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் காரணம் கேளுங்கள், பதிவு எண்ணை இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். விசாவில் டிரெய்லர் டிரைவர் என்றிருக்கிறதா, வீட்டு டிரைவர் என்றிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு

ஒப்பந்தத்தின் நகல், பயிற்சிச் சான்றிதழ், சம்பள ரசீது எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். லைசென்ஸை டிஜிலாக்கரில் ஏற்றிக்கொள்ளுங்கள், சோதனையில் அதைக் காட்டினாலே போதும். ஹெவி லைசென்ஸ் 5 வருஷத்துக்குத்தான், முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முதல் சம்பளம் வந்ததும் பிஎஃப் எண் கேட்டு வாங்குங்கள், மாதம் 21,000 வரை சம்பளம் என்றால் இஎஸ்ஐ-யும் இருக்க வேண்டும்.

கூட வருகிற டிரைவரிடம் நாள்தோறும் எதையாவது கேட்டுக்கொண்டே இருங்கள். இன்னும் கை வரவில்லை என்று தோன்றினால் தனியாக வண்டி எடுக்கச் சொல்லும்போது மறுத்துவிடுங்கள், "இன்னும் ரெண்டு ட்ரிப் கூட ஆள் வேணும் சார்" என்று சொல்கிற உரிமை உங்களுக்கு உண்டு, அதை மெசேஜிலும் அனுப்பி வையுங்கள்.

பாண்ட் முடிகிற மாதத்தில் கம்பெனியிடம் இரண்டு பேப்பர் எழுதி வாங்க வேண்டும். பாண்ட் முடிந்தது, பாக்கி ஏதும் இல்லை என்று ஒன்று. எந்த வகை வண்டி, எந்த லைன், எத்தனை வருஷம் ஓட்டினீர்கள் என்று அனுபவச் சான்று ஒன்று. அதில் டிரெய்லரோ டேங்கரோ பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள், வெறும் "டிரைவர்" என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த இடத்தில் சம்பளம் பேசும்போது அது உதவாது. அங்கேயே தொடர்வதாக இருந்தாலும் இந்த இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சம்பள உயர்வைப் பற்றிப் பேச உட்காருங்கள்.